நாலாவது டேக்குக்கு அப்புறம்

உக்காரு தங்கச்சி, அந்த ஸ்டூலை இப்படி இழுத்துப் போட்டுக்கோ. இப்பதான் ஊசி போட்டுட்டுப் போனாங்க. எங்க வூட்டுக்காரரு எழுந்திரிக்க நேரமாவும். உங்க மாமனாரும் தூங்குறாரு. இடுப்பு எலும்பா? பாத்ரூம்ல வழுக்கினாரா? ஐயோ பாவம்.

இவருக்கா? கீழ்த்தாடை ரெண்டு எடத்துல ஒடைஞ்சிருக்கு, கம்பி வச்சுக் கட்டியிருக்காங்க. வாயைத் தொறக்க முடியாது, ஸ்ட்ராவுலதான் கஞ்சி. வலது மணிக்கட்டு ஒடைஞ்சிருக்கு. விலாவும் ஒடைஞ்சிருக்கு. நீ காலையிலேருந்து பாத்துகினே இருக்கே, கேக்கலாமா வேணாமான்னு. கேளு, ஒண்ணும் இல்ல. வண்டியில விழல. டைமிங் மிஸ்ஸு. எங்க தொழில்ல அதுக்கு அப்படித்தான் பேரு.

நாங்க ரெண்டு பேருமே ஃபைட்டருங்க. சினிமாவுல சண்டை போடுறவங்க. அவரு பேரு கோதண்டம். நீ அவரைப் பாத்திருப்பே, பேரு தெரியாம பாத்திருப்பே. ஹீரோ ஒரு குத்து விட்டா காய்கறி வண்டி மேல போய் நாலு பேரு விழுவாங்க இல்ல, அதுல ஒருத்தரு. என்னைப் பாத்திருக்க மாட்டே. நான் டூப்பு. ஹீரோயின் மாடியிலேருந்து குதிச்சா அது நான். கார் அடிச்சுத் தூக்கிப் போட்டா அது நான். என் மூஞ்சி தெரிஞ்சிட்டா அந்த ஷாட்டு வேஸ்ட்டு. முப்பது வருஷம் முதுகைக் காட்டியே சாப்பிட்டேன். என் பேரு அமுலு.

எங்க வேலையில அடின்னா அடி இல்ல தங்கச்சி. கைக்கும் மூஞ்சிக்கும் நடுவுல கேப் விடணும். கேமரா ஒரு பக்கமா நின்னு பாக்குறதால பட்ட மாதிரி இருக்கும். வாங்குறவங்க சரியான நேரத்துல தலையைத் திருப்பணும். கொஞ்சம் முன்னாடி திருப்புனா பொய்யி, கொஞ்சம் பின்னாடி திருப்புனா பல்லு போச்சு. இங்க பாரு, இந்தக் கடவாப் பல்லு ரெண்டும் கிடையாது. இது ஒரு தெலுங்குப் படம். இந்த முட்டியில இருக்கிற தழும்பு தீ வச்சுக்கினு ஓடுனது. இந்தப் புருவத்துல இருக்கிறது சினிமா இல்ல. இது படம் இருக்கிற டிஸ்க்கு ஒண்ணு ஒடைஞ்சு பட்டது. அதைத்தான் சொல்ல வரேன்.

போன மாசம் எங்க சங்கத்துல கூட்டம் போட்டாங்க. இந்த வருஷ விழாவுல பொம்பளை ஃபைட்டருங்களுக்கு ஷீல்டு குடுக்கப் போறோம்னு சொன்னாங்க. முதல் தடவை. ஒவ்வொருத்தரும் அவங்க செஞ்சதுல நல்ல சண்டை ஒண்ணைக் கொண்டாங்க, பெரிய திரையில போடுவோம்னாங்க. ஆனா டிஸ்க்காத்தான் கொண்டாரணும், பென் டிரைவ் வேணாம், போன வருஷம் பென் டிரைவ் பாதியில நின்னு மானம் போச்சுன்னு செகரட்டரி கறாரா சொல்லிட்டாரு.

எனக்கு நல்ல சண்டைன்னா ஒண்ணே ஒண்ணுதான். இருபது வருஷம் ஆவுது. படத்துப் பேரு வேணாம், அது ஓடல. பாழடைஞ்ச மில்லு, உள்ள ஒரு தண்ணித் தொட்டி. வில்லன் ஆளு ஹீரோயினை முடியைப் புடிச்சு இழுத்துகினு வந்து அந்தத் தொட்டிச் சுவத்துல மோதுவான். அவ எழுந்து எழுந்து அடிப்பா. முழுச் சண்டையும் நான். ஹீரோயின் வடக்கத்திப் பொண்ணு ஒருத்தி, அவ மூஞ்சியை மட்டும் அப்பப்ப காட்டுவாங்க. அந்த வில்லன் ஆளு யாருன்னு நினைக்கிறே? இவருதான்.

அந்தப் படத்தை வெளிநாட்டுல ஒரு கம்பெனி புளூ-ரே டிஸ்க்காப் போட்டாங்க. படமும், அந்தச் சண்டையை எடுத்த விதமும் சேர்த்து. தணிகாசலம் மாஸ்டர், எங்களுக்கெல்லாம் சண்டை சொல்லிக் குடுத்தவரு, இப்ப போய்ச் சேந்துட்டாரு, அப்ப அவருக்கு ரெண்டு டிஸ்க் வந்துச்சு. ஒண்ணை எனக்குக் குடுத்தாரு. "உன் வேலைம்மா, வச்சுக்கோ"ன்னாரு. வூட்ல அதைப் போடுற பிளேயர் கிடையாது. பீரோவுல பொடவைக்கு நடுவுல வச்சிருந்தேன். ஒரு தடவை கூட பாத்ததில்ல.

சங்கத்துல சொன்னதை இவரு கிட்ட வந்து சொன்னேன். சந்தோஷமாத்தான் சொன்னேன். இவரு பீரோவைத் தொறந்து டிஸ்க்கை எடுத்தாரு. "என் கையால அடி வாங்குனதுக்கு உனக்கு ஷீல்டா?"ன்னாரு. ரெண்டு கையாலயும் புடிச்சு வளைச்சாரு. அது லேசுல ஒடையாது தங்கச்சி, வளைஞ்சு வளைஞ்சு குடுக்கும். அப்புறம் ஒரேயடியா சிலீர்னு தெறிச்சுது. ஒரு சில்லு வந்து இங்க ஏறிடுச்சு. கண்ணு தப்பிச்சுது, அதுவரைக்கும் நல்லது. ரத்தத்தைப் பாத்ததும் இவருதான் துணி எடுத்தாந்து அழுத்திப் புடிச்சாரு. அந்த மனசு உண்டு அவருக்கு. கை நீட்டுவாரு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். சோறு ஆறிப்போச்சுன்னா, ஃபோனை எடுக்கலேன்னா, நான் யார் கிட்டயாவது சிரிச்சுப் பேசுனா. ஆனா அடிச்சிட்டு அவரே தைலம் தேய்ச்சு விடுவாரு. எவன் செய்வான் சொல்லு?

சாலிகிராமத்துல எபிநேசர்னு ஒருத்தரு எடிட்டிங் ரூம் வச்சிருக்காரு. அந்தப் படத்துல அசிஸ்டெண்ட் எடிட்டரா இருந்தவரு. மாஸ்டர் தன்கிட்ட இருந்த இன்னொரு டிஸ்க்கை அவரு கிட்ட குடுத்து காப்பி எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாரு. மாஸ்டர் போனப்புறம் அந்த டிஸ்க்கு எங்க போச்சோ தெரியல. புருவத்துல தையல் போட்டுக்கினு நேரா அங்கதான் போனேன். ஹார்டு டிஸ்க்கைத் தேடி எடுத்தாரு. இருக்குக்கா, ஆனா உயிரில்லாம இருக்குன்னாரு.

அது இன்னான்னா, புளூ-ரேயில படம் ஒரே நீட்டா இருக்காதாம். துண்டு துண்டா வெட்டி, வெறும் நம்பர் போட்டு வச்சிருப்பாங்களாம். எந்தத் துண்டுக்கு அப்புறம் எந்தத் துண்டுன்னு சொல்ல தனியா சின்னச் சின்ன ஃபைலுங்க இருக்குமாம். அதைப் பாத்துத்தான் பிளேயர் ஓட்டும். எபிநேசர் காப்பி எடுத்தப்ப எடம் பத்தலைன்னு பெரிய துண்டுங்களை மட்டும் வச்சிகினு மீதியைத் தூக்கிப் போட்டுட்டாரு. இப்ப கம்ப்யூட்டர்ல துண்டு துண்டாப் பாக்கலாம். ஆனா டிஸ்க்குல எழுதி பிளேயர்ல போட்டா டிஸ்க்கே இல்லைன்னு சொல்லும். வரிசையைத் திரும்ப எழுதி, மெனுவைச் செஞ்சு, மொத்தத்தையும் ஒரு மூட்டையாக் கட்டணும். அந்த மூட்டைக்கு இமேஜுன்னு பேராம். அந்த இமேஜை வெறும் டிஸ்க்குல எரிக்கணும், பதியிறதை அப்படித்தான் சொல்றாங்க.

"படத்துக்கு வரிசை நான் போட்டுடுவேன்கா, கதை இருக்கு. ஆனா இந்தச் சண்டை எடுத்த துண்டுங்களுக்கு வரிசை எனக்குத் தெரியாது. பாதியில கிளாப் போர்டே இல்ல. நீங்க பக்கத்துல உக்காரணும்"னாரு.

உக்காந்தேன். தினம் காலையில வேலையை முடிச்சிட்டுப் போயிடுவேன். இவருகிட்ட என் கூடப் பொறந்த தங்கச்சி வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு.

வரிசை எப்படித் தெரியும்னு கேப்பே. கதை தெரிஞ்சு இல்ல. அடியைப் பாத்துச் சொன்னேன். இந்தத் துண்டுல முழங்கை தேய்ஞ்சிருக்கு, அடுத்ததுல தேயல, அப்ப அடுத்ததுதான் முன்னாடி. இதுல இடது கண்ணு கீழ வீங்க ஆரம்பிச்சிருக்கு, மேக்கப் வச்சு மறைச்சிருக்காங்க, அப்ப இது மத்தியானம். இதுல விக்குக்குப் பின்னாடி ரத்தம் கோத்திருக்கு, அப்ப தொட்டிச் சுவத்துல மோதுனதுக்கு அப்புறம். எபிநேசரு என் மூஞ்சியையே பாத்தாரு. "அக்கா, எல்லாம் ஞாபகம் இருக்கா?"ன்னாரு. ஒடம்பு மறக்காது தம்பின்னேன்.

அந்த மனுஷன் பாவம், ஒவ்வொரு துண்டையும் நிறுத்தி நிறுத்திப் பாக்க வேண்டியதாப் போச்சு. நானும் பாத்தேன். அப்பதான் ஒண்ணு கவனிச்சேன். இவரு அடிக்கிறதுக்கு முன்னாடி வலது தோளை ஒரு இம்மி கீழ இறக்குவாரு. ஒவ்வொரு தடவையும். இருபத்திரண்டு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியும் எனக்கு அது தெரியாது பாரு. நேர்ல யாரு தோளைப் பாக்குறது, கையைத்தானே பாப்போம்.

அந்த நாலாவது டேக்கு. அதுதான் படத்துல வந்தது. முதல் மூணுலயும் இவரு ஒழுங்கா கேப் விட்டுத்தான் அடிச்சாரு. மாஸ்டர், "கோதண்டம், உயிரே இல்லடா, ஒம் பொண்டாட்டின்னு பாக்காத"ன்னாரு. நாலாவதுல இவரு கேப் விடல. எல்லாம் நிஜமாப் பட்டுது. உதடு கிழிஞ்சுது. விக்கோட சேத்து என் முடியைக் கையில சுத்தி அவரு தொட்டிச் சுவத்துல மோதுறப்ப யூனிட்டே மூச்சு விடல. அப்புறம் கைதட்டுனாங்க. நான் மயங்கிட்டேன், வெயிலு.

அன்னிக்கு நான் மூணு மாசம். அதை மாஸ்டர் கிட்ட சொல்லல, சொன்னா வேலை போயிடும். இவருக்கு மட்டும்தான் தெரியும். போகாதன்னு காலையில சண்டை. உனக்கு மட்டும் எதுக்கு அந்த மாஸ்டர் இவ்ளோ பெரிய சண்டையைக் குடுக்குறான்னு கேட்டாரு. இவருக்கு அதுல ஒரு கோவம். எனக்கோ, அந்த மாதிரி சண்டை இன்னொண்ணு வராது. போனேன். திரும்பி வர்றப்ப யூனிட் வேனு, ரோடு ரொம்ப மோசம், தூக்கித் தூக்கிப் போட்டுது. அதுலதான் கலைஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில இவருதான் சொன்னாரு, வேனு குலுக்கல்னு. அதுக்கப்புறம் தங்கல. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

சரி, அதை விடு. எல்லாத் துண்டும் வரிசையா வந்துடுச்சு, ஒண்ணு மட்டும் பாக்கி. அதுல கிளாப் இல்ல, கேமராவும் கோணலா நின்னுகினு இருக்கு. அது சினிமா கேமரா இல்ல, சண்டை எடுக்கிறதை வேடிக்கையா எடுக்கிற வீடியோ கேமரா. நான் பாத்ததும், "இது ரிகர்சலு, முதல்ல போடு"ன்னேன்.

எபிநேசர் போடல. நிறுத்தி வச்சிட்டு திரையில விரலை வச்சாரு. "அக்கா, இதுல உதடு கிழிஞ்சிருக்கு"ன்னாரு.

"அதுக்கின்னா?"

"உதடு நாலாவது டேக்குலதானே கிழிஞ்சுது? நீங்கதானே சொன்னீங்க. அப்ப இது நாலாவதுக்கு அப்புறம்."

"அஞ்சாவது டேக்கு எடுக்கலியே தம்பி"ன்னேன்.

அவரு சத்தத்தைக் கூட்டுனாரு. இதுவரைக்கும் பாத்ததெல்லாம் ஊமைத் துண்டுங்க, இதுக்கு மட்டும் மைக் இருந்திருக்கு. படத்துல அடிக்குப் போடுற சத்தம் உனக்குத் தெரியும் இல்ல, டமால் டுமீல்னு. அது ஸ்டூடியோவுல போடுறது. இதுல அப்படி இல்ல. ஈரத் துணியைத் துவைக்கிற கல்லுல அடிச்சா எப்படி இருக்கும், அப்படி. முதல்ல மாஸ்டர் குரலு, கட், கட்டுன்னு. அப்புறமும் அந்தச் சத்தம். திரும்ப மாஸ்டர், "கட்டுன்னு சொல்றேன் இல்ல, டேய் கோதண்டம், விடுறா, யாராவது புடிங்கடா அவனை"ன்னு. நான் தரையில கிடக்குறேன். இவரு குனிஞ்சு குனிஞ்சு கீழ குத்துறாரு. அப்ப ஒரு பொம்பளைக் குரலு, "வயித்துல வேணாம்யா, வயித்துல வேணாம்"னு.

எபிநேசரு நிறுத்திட்டாரு. நான் திரும்பப் போடச் சொன்னேன். போட்டாரு. இன்னொரு வாட்டி போடச் சொன்னேன்.

"இது யாரு குரலு தம்பி?"ன்னு கேட்டேன்.

"உங்களுதுதான்கா"ன்னாரு.

என் குரல் அப்படி இருக்காது தங்கச்சி. நீயே கேக்குறியே, கட்டைக் குரலு. அது சன்னமா இருந்துச்சு. நான் கெஞ்சுற ஆளும் இல்ல. தீக்குள்ள ஓடுனவ நான். வேற யாராவது பேசுனது கலந்திருக்கும்னு சொன்னேன். எபிநேசருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "அக்கா, இந்தத் துண்டு இல்லாமலே இமேஜ் கட்டிடலாம். பிளேயர் ஒண்ணும் சொல்லாது. விட்டுடட்டுமா?"ன்னாரு.

நான் யோசிச்சேன். எதுக்கு யோசிச்சேன்னு கூடத் தெரியல. வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்தேன். "இருக்கிற எடத்துல போடு. நாலாவதுக்கு அப்புறம்"னேன். வரிசைன்னா வரிசைதான் இல்ல? அத்தினி நாள் உக்காந்து வேலை செஞ்சிட்டு அதுல பொய்யி எதுக்கு?

முதல் டிஸ்க்கு ஓடவே இல்ல. ரெண்டாவது டிஸ்க்குல படம் ஓடுச்சு, சண்டை வர்ற எடத்துல மெனுவுக்குத் தாவிடுச்சு. மனுஷன் திரும்பவும் முதல்லேருந்து வரிசையை எழுதுனாரு. மூணாவது ஓடுச்சு. "கம்ப்யூட்டர்ல ஓடுனா போதாதுக்கா, வூட்டு டிவியில ஓட்டிப் பாருங்க, அங்க ஓடுனா ஹால்லயும் ஓடும்"னு பழைய பிளேயர் ஒண்ணைப் பையில போட்டுக் குடுத்தாரு.

எடுத்தாந்து மாட்டுனேன். மத்தியான நேரம், இவரு சாப்பிட்டுட்டு சாய்ஞ்சிருந்தாரு. முதல்ல இன்னாடி இதுன்னு மொறைச்சாரு. படத்தைப் பாத்ததும் எழுந்து உக்காந்துட்டாரு. எப்படி இருந்தேன் பாத்தியாடின்னு. அவரு காலு நிக்கிற அழகு, இடுப்புல போடுற திருப்பு, எல்லாத்தையும் எனக்குக் காட்டுனாரு. நல்ல ஆர்ட்டிஸ்டு தங்கச்சி, அதை மறுக்க முடியாது. நாலாவது டேக்கு வந்தப்ப தொடையில தட்டிக்கினாரு.

அப்புறம் அது வந்துச்சு. நான் டிவியைப் பாக்கல, இவரைப் பாத்துகினு நின்னேன். அந்தச் சத்தம் கேட்டதும் இவரு கையில இருந்த டம்ளரைக் கீழ வச்சாரு. மெதுவா வச்சாரு.

"இதை எவன் போடச் சொன்னான்?"

"வரிசையில இருந்துச்சு"ன்னேன்.

"அழி."

"டிஸ்க்குல எரிச்சாச்சு. அழிக்க முடியாது."

"யாரு கூட உக்காந்து இதைப் பாத்தே?"

டிவியில அந்தப் பொம்பளை வயித்துல வேணாம்னு சொல்லிகினு இருந்துச்சு. நான், "கேளு, இது யாரு குரலு, எனக்குத் தெரியல, நீ அங்கதானே இருந்தே"ன்னு கேட்டேன். அவ்ளோதான் கேட்டேன். ஒரு வார்த்தை தப்பாப் பேசல.

எழுந்து வந்தாரு. நான் கையைப் பாக்கல, தோளைப் பாத்தேன். வலது தோளு இறங்குச்சு. கீழ குறி வச்சாரு, வயித்துக்கு. எனக்கு இப்ப ஐம்பது தங்கச்சி, அந்த வயித்துல இனிமே இன்னா இருக்குன்னு குறி வச்சாருன்னு தெரியல. பழக்கமா இருக்கும். நான் பிளாக் போட்டேன், அதான், அடியைத் தடுக்கிறது. முழங்கையை இறக்கி அவரு மணிக்கட்டு மேல. அது மாஸ்டர் சொல்லிக் குடுத்த பிளாக், ஆயிரம் தடவை பண்ணியிருக்கேன், கேப் விட்டு. அன்னிக்கு கேப் விடல போல. முருங்கைக் கொம்பு முறிஞ்ச மாதிரி சத்தம் வந்துச்சு. அவரு குனிஞ்சாரு. குனிஞ்சா அடுத்தது முட்டி, சண்டையில வரிசை அப்படித்தான், அதுக்குக் கோர்வைன்னு பேரு. தாடையில பட்டுது. அதோட நிறுத்தியிருக்கணும், ஒத்துக்குறேன், கோர்வை அதோட முடிஞ்சுது.

விலா எப்படி ஒடைஞ்சுதுன்னு கேக்குறியா? கீழ விழுந்ததுக்கு அப்புறம்தான். அங்க கட்டு சொல்ல ஆளில்ல பாரு.

எத்தினின்னு எண்ணல. இவரு ஏதோ சொன்னாரு, தாடை போனதால புரியல. டிவியில எல்லாம் முடிஞ்சு மெனுவுக்குத் திரும்பி வந்து, அந்த வயலின் மியூசிக்கு சுத்திச் சுத்தி ஓடிகினு இருந்துச்சு. அதைக் கேட்டுத்தான் நான் நின்னேன். ஒரு எடத்துல கூட படம் திக்கல, தாவல. எபிநேசருக்கு ஃபோன் பண்ணி, தம்பி, டிஸ்க்கு நல்லா ஓடுதுன்னு சொன்னேன். அப்புறம்தான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

இங்க ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கிற போலீஸ்காரரு கேஸ் எழுத வந்தாரு. எப்படிம்மா ஆச்சுன்னாரு. நாங்க ஃபைட்டருங்க சார், ஒரு சண்டையை வூட்ல பண்ணிப் பாத்தோம், டைமிங் மிஸ்ஸாயிடுச்சுன்னேன். அவரு இவரைப் பாத்து, அப்படித்தானா பெரியவரேன்னு கேட்டாரு. இவரு என்னைப் பாத்தாரு. அப்புறம் தலையை ஆட்டுனாரு. அதான் சொல்றேனே, தொழில் தெரிஞ்ச மனுஷன்.

எனக்கு ஒரு உதவி பண்ணணும் நீ. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்த விழா. நான் இல்லாம ஷீல்டு யாரு வாங்குறது? நீ எப்படியும் மாமனாரைப் பாத்துகினு இங்கதானே இருப்பே. இவருக்கு ஸ்ட்ராவுல கஞ்சி குடுக்கிறது, அவ்ளோதான் வேலை. ஒண்ணும் பண்ண மாட்டாரு, பயப்படாத. செகரட்டரி எந்த எடத்துலேருந்து எந்த எடம் வரைக்கும் போடணும்னு கேட்டாரு. முதல்லேருந்து முடிவு வரைக்கும் போடுங்க, நடுவுல யாரும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டேன். பெரிய திரை, நல்ல ஸ்பீக்கரு. அத்தினி ஃபைட்டருங்களும் உக்காந்திருப்பாங்க, எல்லாருக்கும் என் குரல் தெரியும். அவங்களே சொல்லட்டுமே, அது யாரு குரலுன்னு.

என்னைக் கேட்டா, அந்த வேன் போன ரோடு நிஜமாவே மோசம்தான்.

இரு, முழிச்சிட்டாரு. வாய் ஓரத்துல வழியுது பாரு, துணி எங்க வச்சேன்... இன்னாய்யா, எதுக்கு மூஞ்சியை மறைக்கிறே? பக்கத்துல இந்தப் பொண்ணு பாக்குது. வாயைத் துடைக்கத்தான் வரேன். கையை எடு.

எடுய்யா.